மலரில் சேராத கடிதம்

அன்புள்ள ஃபாதர்,

தோத்திரம்.

வரும் சனிக்கிழமை உங்கள் முதலாம் ஆண்டு நினைவுத் திருப்பலி. அதைத் தொடர்ந்து மலர் வெளியீடு, மதிய உணவு, பிறகு புதுக் கட்டடத்துக்கு உங்கள் பெயர் சூட்டும் விழா. அழைப்பிதழ் வாட்ஸப்பில் வந்தது. நீங்கள் பார்த்திருந்தால் முதல் வேலையாக எழுத்துப்பிழைகளைத்தான் வட்டம் போட்டிருப்பீர்கள். இரண்டு இருக்கின்றன.

எந்தக் கட்டடம் என்று தெரியுமா? ஷிஃப்ட் 2, அதாவது மாணவர் கட்டணத்தில் நடக்கும் மாலை வகுப்புகளின் பிளாக். நான்கு மாடி, லிஃப்ட், முன்னால் கிரானைட் படி. அதன் நெற்றியில் உங்கள் பெயர். அழைப்பிதழை மூடி வைத்துவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

மலருக்கு என்னிடமும் கட்டுரை கேட்டார்கள். கொடுத்தேன். “ரொம்ப நல்லா வந்திருக்கு சார், அந்தப் பென்சில் விஷயத்தை மட்டும் எடுத்துடலாமா? பிஷப் ஐயா கையால வெளியிடுற மலர்” என்றார்கள். கேட்டவர் நல்ல மனிதர், அவர் மேல் எனக்கு வருத்தமில்லை. ஆனால் அதை எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பதை யார் வேண்டுமானாலும் எழுதலாம். கட்டுரையைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். அதனால்தான் இந்தக் கடிதம், இங்கே, நாலு பேர் பார்க்க.

நாலு பேர் பார்ப்பதால் சிலவற்றை எழுதப்போவதில்லை. நீங்கள் முதல்வராக இருந்த கல்லூரியின் பெயர் வராது. உங்கள் பெயரும் சபையின் பெயரும் வராது. சபையைச் சொன்னால் மீதியை இரண்டு நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள். அன்று என்னோடு வந்த மூன்று பேரின் பெயர்களும் வராது. ஒருவர் இன்னமும் அங்கேதான் சம்பளம் வாங்குகிறார்.

மலரில் என்ன வரும் என்று எனக்குத் தெரியும். தன்னாட்சி, தர மதிப்பீட்டுக்கு வந்த நாக் கமிட்டி, புது ஆய்வகம், கால்பந்து மைதானம், வாழும் புனிதர். இந்தக் கடைசிச் சொல்லை உங்கள் முகத்துக்கு நேரே யாராவது சொல்லியிருந்தால் அன்று அவருக்குக் கெட்ட நேரம். இயேசு சபைக்காரர்கள் மேல் நீங்கள் வைத்திருந்த பொறாமை வராது. எனக்கு உங்களிடம் ரொம்பப் பிடித்தது அதுதான். “அவங்க ஆளு பாருய்யா” என்று ஆரம்பித்தால் அரை மணி நேரம் போகும். லயோலா கல்லூரி முதல்வராக இருந்துகொண்டே அரசியல் நிர்ணய சபையிலும் உட்கார்ந்த ஜெரோம் டிசூசாவைப் பற்றி நீங்கள் பாடம் நடத்தியபோது, உங்கள் சபையில் அப்படி ஒருவர் இல்லையே என்ற ஆதங்கம் குரலிலேயே தெரியும். அவர்களுடைய தலைமைக் குரு பேத்ரோ அருப்பே 1973-ல் ஸ்பெயினின் வலென்சியாவில் பேசியதைச் சொல்வீர்கள். இயேசு சபைப் பள்ளிகளில் படித்து முடித்து ஐரோப்பாவில் நல்ல நிலையில் இருந்த பழைய மாணவர்களின் மாநாடு அது. எல்லோரும் பாராட்டுரையை எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தபோது அவர் ஒரு கேள்வி கேட்டார்: நாங்கள் உங்களை நீதிக்காகப் பயிற்றுவித்தோமா? இல்லை என்று பதிலையும் அவரே சொன்னார். பிறருக்காக வாழும் மனிதர்களை உருவாக்குவதுதான் எங்கள் வேலை என்று அன்று அவர் சொன்னதைத்தான் இன்றுவரை அவர்கள் கல்லூரிகளின் சுவர்களில் எழுதி வைத்திருக்கிறார்கள். “சுவத்துல எழுதறது சுலபம். அந்தக் கேள்விய நம்ம காலேஜ்ல எவனாவது கேக்கணும்” என்பீர்கள்.

மூன்றாம் வருடம் நீங்கள் எடுத்த அரசியல் சட்ட வரலாறு வகுப்பு எந்த மலரிலும் வராது. 1949-ல் சட்டமன்ற இடங்களில் தனி ஒதுக்கீடு வேண்டாம் என்று கிறிஸ்தவத் தலைவர்கள் பெருந்தன்மையாக விட்டுக்கொடுத்ததை ஒரு மணி நேரம் விவரித்தீர்கள். மறுநாள் வந்து, 1950 ஆகஸ்டில் வந்த குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாம் பத்தியைக் கரும்பலகையில் எழுதிப் போட்டீர்கள். இந்து அல்லாதவர் யாரும் பட்டியல் சாதியாகக் கருதப்படமாட்டார். 1956-ல் சீக்கியருக்கும் 1990-ல் பௌத்தருக்கும் அந்தக் கதவு திறந்தது, நமக்கு இன்னும் இல்லை. “விட்டுக்கொடுத்தவன் ஒருத்தன், இழந்தவன் வேறொருத்தன். பரீட்சைல இத எழுதாதீங்க, மார்க் வராது” என்றீர்கள். வகுப்பில் பாதிப் பேர் சிரித்தார்கள். சிரிக்காத பாதியில் நான் இருந்தேன். நாங்கள் எந்தத் தெரு என்று உங்களுக்குத் தெரியும். அரசாங்கக் காகிதத்தில் பிற்படுத்தப்பட்டோர், கோயில் கல்லறைத் தோட்டத்தில் சுவருக்கு அந்தப் பக்கம்.

அந்தச் சுவரை இடிக்க உங்களுக்கு அதிகாரம் இருக்கவில்லை. அட்மிஷனில் இருந்தது. ஊர்ப் பெரிய குடும்பங்களின் பங்குச்சாமி சிபாரிசுக் கடிதங்களை மேஜையின் இடது டிராயரில் போட்டுப் பூட்டிவிட்டு, வலது பக்கம் வைத்திருந்த உங்கள் பட்டியலிலிருந்து சீட்டுக் கொடுத்தீர்கள். 30-ஆவது பிரிவு சிறுபான்மையினருக்குத் தங்கள் நிறுவனத்தை நிர்வகிக்கும் உரிமையைக் கொடுக்கிறது. பலருக்கு அது வேண்டியவனுக்கு வேண்டிய சீட்டுக் கொடுக்கும் உரிமை. நீங்களும் வேண்டியவனுக்குத்தான் கொடுத்தீர்கள். 2005-ல் 93-ஆவது சட்டத்திருத்தம் தனியார் கல்லூரிகளில் இட ஒதுக்கீட்டுக்கு வழி செய்து, சிறுபான்மை நிறுவனங்களுக்கு மட்டும் விலக்குக் கொடுத்தபோது நான் உங்களைத்தான் நினைத்தேன். சட்டம் கேட்காததைச் செய்த ஒரு மனிதரிடம் படித்தோம் என்ற கர்வம் எனக்கு உண்டு. இன்றும் உண்டு.

போதும். இனி ஸ்டோர் ரூம்.

ஷிஃப்ட் 2 தொடங்கி இரண்டு வருடம் ஆகியிருந்தது. எய்டட் விரிவுரையாளருக்கு அப்போது 8000-275-13500 என்ற சம்பள விகிதம், அதாவது 8,000 ரூபாயில் தொடங்கி வருடம் 275 ஏறி 13,500 வரை. அது அரசாங்கம் கொடுப்பது. மாலையில் அதே பெஞ்சில், அதே பாடத்தை நடத்திய எங்களுக்குத் தொகுப்பூதியம் ₹3,000. அதுவும் மே மாதம் கிடையாது. 500 ரூபாய் ஏற்றிக் கேட்கலாம் என்று முடிவாகி நான்கு பேர் வந்தோம். ஆபீசில் நீங்கள் இல்லை. மாதத்தின் முதல் சனிக்கிழமை, ஹாஸ்டல் மெஸ் கணக்குப் பார்க்கும் நாள். பின்கட்டில் ஸ்டோர் ரூமில் இருப்பதாக வாட்ச்மேன் சொன்னார்.

புளி மூட்டையின் வாசனை. மேலே ஒரே ஒரு குண்டு பல்பு. அரிசி மூட்டைகளைக் காட்டி “உக்காருங்க” என்றீர்கள். மனுவை முழுதாகப் படித்தீர்கள், ஒரு சந்திப்பிழையைத் திருத்தினீர்கள். அப்புறம் சிவப்புத் துணி பைண்டு போட்ட நீளப் பேரேட்டைத் திருப்பி எங்கள் பக்கம் வைத்தீர்கள். பெயர், இனிஷியல், ஊர், துறை. சாய்வான பொடி எழுத்து, உங்களுடையது. ஒவ்வொரு பெயருக்கும் நேரே அந்த மாத மெஸ் பில், அதன் மேல் பச்சை மையில் ஒரு கோடு. இலவசச் சாப்பாட்டுப் பட்டியல். அப்படி ஒன்று இருப்பது எல்லோருக்கும் தெரியும், பார்த்தவர் யாருமில்லை.

“முப்பத்தெட்டுப் பேரு நீங்க. தலைக்கு ஐந்நூறு, மாசம் பத்தொன்பதாயிரம். மெஸ் பில் சராசரி ஐந்நூத்தம்பது. முப்பத்துநாலு பசங்க வருது.” சட்டைப் பையிலிருந்து ஒரு பக்கம் சிவப்பு, ஒரு பக்கம் நீலம் உள்ள அந்த ஆபீஸ் பென்சிலை எடுத்து, சிவப்பு முனை என் பக்கம் வரும்படி நீட்டினீர்கள். “யார எடுக்கலாம்னு நீயே அடிச்சுக் குடு. நான் கையெழுத்துப் போட்டுடறேன்.”

நான்கு பேர் இருந்தோம், ஃபாதர். என்னிடம் நீட்டினீர்கள்.

மற்ற மூவருக்கும் அந்தப் பேரேட்டோடு எந்தத் தொடர்பும் இல்லை. அதே சிவப்புத் துணி பைண்டில், 1990-லிருந்து 93 வரை, மாதாமாதம் பச்சைக் கோடு விழுந்த பெயர்களில் என் பெயரும் ஒன்று என்பது அந்த அறையில் இரண்டு பேருக்கு மட்டும் தெரியும். நான் குனிந்து பார்த்தேன். நடுவில் எங்கள் ஊர்ப் பெயர் போட்டு ஒரு பையன். பி.காம். முதல் வருடம், மாலையில் என்னிடம் பொதுத்தமிழுக்குப் பதிலாக வரலாறு கேட்டுச் சண்டை போடுகிறவன். அவன் அங்கே சாப்பிடுகிறான் என்று எனக்கு அதுவரை தெரியாது. பென்சிலை மூட்டை மேல் வைத்துவிட்டு எழுந்தேன். மற்றவர்களும் எழுந்தார்கள். வெளியே வந்து வேப்பமரம் வரை யாரும் பேசவில்லை. அப்புறம் ஒருவர் என்னைப் பார்த்து, “நீ ஒரு கோடு போட்டிருந்தா அவர் பயந்திருப்பாரு” என்றார். நான் பதில் சொல்லவில்லை. அவர் இதைப் படிப்பார். சார், இன்றும் சொல்கிறேன், போட்டிருக்க முடியாது. உங்களாலும் முடிந்திருக்காது.

எத்தனையோ வருடம் அதை உங்கள் பெருமையாகத்தான் மற்றவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். பசித்தவன் பக்கம் நின்றார், எங்கள் முதல்வர். என் வகுப்புகளில்கூடச் சொல்லியிருக்கிறேன். சொல்லும்போது கண் கலங்கும். மாணவர்களுக்கும் கலங்கும்.

பிறகுதான், நான் அரசுக் கல்லூரிக்கு வந்து, ஒரு முறை தேர்வுக் கட்டணக் கணக்கைச் சரிபார்க்கும் வேலை தலையில் விழுந்தபோதுதான், உங்கள் கணக்கு உறைத்தது. அந்தப் பேரேட்டில் நீங்கள் எங்களுக்குக் காட்டியது ஒரே ஒரு பக்கம். ஷிஃப்ட் 2 கட்டணத்தில் சம்பளம் போக, மெஸ் போக, மூன்றாவதாக ஒன்று போய்க்கொண்டிருந்தது. கட்டட நிதி. அது எந்தப் பக்கத்தில் இருந்தது? ஒரு மாடியை ஒரு வருடம் தள்ளிப் போட்டிருந்தால் பையன்களும் சாப்பிட்டிருப்பார்கள், நாங்களும் மே மாதம் சாப்பிட்டிருப்போம். சிமெண்டைத் தராசில் ஏற்றவே இல்லையே ஃபாதர். ஒரு தட்டில் என்னையும் இன்னொரு தட்டில் என் ஊர்ப் பையனையும் ஏற்றிவிட்டு, நடுவில் முள்ளைப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள். அதற்குப் பெயர் ஏழைகள் பக்கம் நிற்பதா?

நீதி வேறு, தர்மம் வேறு என்று எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தவர் நீங்கள்.

இதை எழுதிவிட்டு நிறுத்தி, ஒரு நாள் விட்டுத் தொடர்கிறேன். கோபத்தில் எழுதினால் அந்தச் சாவி மறந்துவிடுகிறது. அரசுக் கல்லூரி வேலைக்கான டி.ஆர்.பி. தேர்வுக்குப் படிக்க ராத்திரி இடமில்லை என்று நான் யாரிடமோ சொன்னது உங்கள் காதுக்கு எப்படிப் போனதோ. கூப்பிட்டு ரெஃபரன்ஸ் லைப்ரரி சாவியைக் கொடுத்தீர்கள். பதினோரு மணிக்கு மேல் நீங்களே ஃப்ளாஸ்கோடு வருவீர்கள். பேசமாட்டீர்கள். எதிர் மேஜையில் உட்கார்ந்து ஜெபப்புத்தகம் வாசிப்பீர்கள், கொஞ்ச நேரத்தில் தலை சாயும், குறட்டை வரும். நேர்காணலுக்கு முந்தின நாள், என் ஒரே நல்ல சட்டையின் காலர் நைந்திருப்பதைப் பார்த்துத் தையல் கடைக்கு அனுப்பித் திருப்பித் தைக்கச் சொன்னீர்கள். “இங்க இருக்காதடா. போயிடு” என்றீர்கள். அப்பா இறந்தபிறகு என்னை அந்த உரிமையோடு டா போட்டவர் நீங்கள் ஒருவர்தான்.

ஆனால் பாருங்கள். அங்கே இருக்கக்கூடாது என்று உங்களுக்கே தெரிந்திருக்கிறது. அது மனிதர் இருக்கும் இடமில்லை என்று தெரிந்து ஒருவனை வெளியே எடுத்துவிட்டீர்கள். மீதி முப்பத்தேழு பேர்? உங்களுக்கு எப்போதும் அப்படித்தான். ஒருவன், ஒருவன், ஒருவனாகக் காப்பாற்றினீர்கள். காப்பாற்றப்பட்டவர்கள் எல்லோரும் சேர்ந்து இப்போது மலர் போடுகிறார்கள். மிச்சப்பட்டவர்கள் அங்கேயே பணியில் இருந்து, சனிக்கிழமை விழாவில் பந்தி பரிமாறுவார்கள்.

இன்னொன்று. இதைக் கவனமாகத்தான் எழுதவேண்டும். உங்கள் முப்பதாம் நாள் திருப்பலி முடிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, அந்தக் காலத்து அலுவலகத்தில் இருந்த ஒருவர் என் பக்கத்தில் உட்கார்ந்தார். ஷிஃப்ட் 2 சம்பளத்தை ஏற்றச் சொல்லி ஆட்சிக்குழுவுக்கு நீங்கள் மூன்று முறை எழுதினீர்களாம். தட்டச்சு செய்தவரே அவர்தானாம். மூன்று முறையும் மேலிருந்து முடியாது என்று வந்ததாம். அதில் மூன்றாவது, நாங்கள் ஸ்டோர் ரூமுக்கு வந்த வாரத்துக்கு முந்தின வாரம் வந்ததாம். கடிதங்களை நான் பார்க்கவில்லை. பார்க்கக் கேட்கவும் போவதில்லை. அவர் பொய் சொல்கிறவர் அல்ல என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

நிஜமானால், எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். “நான் கேட்டேன், தரமாட்டேங்கிறாங்க.” அவ்வளவுதான். வெளியே வந்து உங்களைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டிருப்போம். கீழ்ப்படிதல் வார்த்தைப்பாடு. மேலே இருப்பவர்கள் முடிவைக் கீழே இருப்பவர்களிடம் குறை சொல்லக்கூடாது. அதற்காக அந்த முடிவை உங்கள் முடிவாகவே ஏந்திக்கொண்டு, பென்சிலையும் நீட்டி, கெட்ட பெயரையும் வாங்கிக்கொண்டீர்கள். இது தியாகம் என்று என் மனைவி சொல்கிறாள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வீட்டின் மானத்தைக் காப்பாற்ற வேலைக்காரனிடம் கணக்கை மாற்றிச் சொன்னது மாதிரிதான் தோன்றுகிறது. உங்கள் சம்பளத்தையே நீங்கள் தொட்டதில்லை என்பது எனக்கும் தெரியும். உங்கள் பெயரில் வரும், சபைக்குப் போகும். சாமியார்கள், சிஸ்டர்கள் வாங்கும் அந்தச் சம்பளத்துக்கும் வரி பிடிக்கலாம் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னபோது செய்தித்தாளை வைத்துக்கொண்டு சிரித்தேன். கையில் காசே பார்க்காத மனிதருக்கு வருமான வரி. பணத்தின் அருமை தெரியாதவர் என்று உங்களைச் சொல்லமாட்டேன், பைசா பைசாவாகக் கணக்கு வைத்திருந்தவர். மே மாத வாடகை என்றால் என்ன என்று மட்டும் தெரியாமல் போயிற்று.

கடைசி இரண்டு வருடம் நீங்கள் முதியோர் இல்லத்தில் இருந்தபோது நான் வரவில்லை. இரண்டு முறை சொல்லி அனுப்பியதாகக் கேள்விப்பட்டேன். இதைத்தான் எல்லோரும் என்னிடம் கேட்கிறார்கள், அதனால் எல்லோர் முன்னாலேயும் சொல்லிவிடுகிறேன். போய்வந்தவர்கள் எல்லோரும் ஒரே மாதிரிதான் சொன்னார்கள்: ஃபாதருக்கு நினைவு தப்புகிறது, யாரைப் பார்த்தாலும் “சாப்பிட்டியா” என்று கேட்கிறார், கையைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறார். நான் வந்திருந்தாலும் அதையேதான் கேட்டிருப்பீர்கள். நானும் சாப்பிட்டேன் ஃபாதர் என்று சொல்லி, அழுதுவிட்டுத் திரும்பியிருப்பேன். எனக்குக் கேட்கவேண்டியது ஒன்று இருந்தது. பதில் சொல்லக்கூடிய மனிதர் அங்கே இல்லை என்று தெரிந்தபிறகு, வெறும் கையைப் பிடித்துக்கொண்டு சமாதானம் ஆகிவிட எனக்கு விருப்பமில்லை. வராததற்கு வருத்தம் இருக்கிறதா என்றால் இருக்கிறது. மறுபடி அப்படியொரு நிலை வந்தால் போவேனா என்றால், தெரியவில்லை. இதை மன்னிப்பாக எடுத்துக்கொள்வதும் திமிராக எடுத்துக்கொள்வதும் உங்கள் இஷ்டம். நீங்கள் இரண்டுக்கும் மார்க் போட்டுப் பழகியவர்.

சனிக்கிழமை திருப்பலிக்கு வருவேன். கடைசி வரிசை. கல்லறை மந்திரிப்புக்கும் நிற்பேன். பெயர் சூட்டும்போது இருக்கமாட்டேன். சிலைக்கு வசூல் செய்கிறார்கள், அதற்கும் நான் கொடுக்கவில்லை. மார்பளவுச் சிலையாம், உலோகத்தில். கண்ணாடி போட்டா, போடாமலா என்று குழுவில் மூன்று நாள் விவாதம் நடந்தது. போடாமல் வைத்தால் யாருக்கும் அடையாளம் தெரியாது என்று ஒருவர் எழுதினார். அந்த விவாதத்தில் மட்டும் நான் கலந்துகொண்டேன். போட்டுத்தான் வைக்கவேண்டும், இடது காதுப் பக்கம் நூல் சுற்றியிருந்ததையும் செய்யச் சொல்லுங்கள் என்றேன்.

உங்களிடம் சொல்லவேண்டிய ஒரு செய்தி மிச்சம் இருக்கிறது. என்னிடம் எம்.ஏ. படித்த ஒருவர் இப்போது அதே ஷிஃப்ட் 2-வில் வேலை பார்க்கிறார். நான்கு மாடி வந்துவிட்டது, மே மாதச் சம்பளம் இன்னும் வரவில்லை. கௌரவ விரிவுரையாளருக்கு ஒரு வகுப்புக்கு ₹1,500, மாதம் ₹50,000 வரை கொடுக்கலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) 2019-ல் அனுப்பிய கடிதத்தை அச்செடுத்து வைத்திருக்கிறார். “அது உங்களுக்குப் பொருந்தாது” என்றுதான் அவரிடம் சொல்வார்கள், தெரியும். ஆறேழு பேர் சேர்ந்து மனு எழுதியிருக்கிறார்கள். கொடுப்பதற்கு முன் என்னிடம் காட்டினார். இரண்டு சந்திப்பிழை இருந்தது, திருத்திக் கொடுத்தேன். உள்ளே போனதும் யாராவது கணக்கு நோட்டை விரித்துக் காட்டினால், முதலில் கட்டட நிதிப் பக்கத்தைத் திருப்பச் சொல்லுங்கள் என்றும் சொல்லி அனுப்பினேன். மனுவைக் கொடுத்து மூன்று வாரம் ஆகிறது. செக்ரட்டரி ஃபாதர் வாங்கி வைத்திருக்கிறார்.

இப்படிக்கு,
உங்கள் மாணவன்,
வரலாறு, 1990–93